தவறணை மேசையும் லயத்து அடுப்பும்

பத்தாந் திகதி மாலையில் நாவலப்பிட்டியைக் காண வேண்டும். மாதமெல்லாம் மலைச்சரிவில் மழையிலும் பனியிலும் நின்று கொழுந்தெடுத்த கைகளுக்குக் கூலி விழும் நாள் அது. தோட்டங்களிலிருந்து இறங்கும் பஸ்கள் நகரத்து நிலையத்தில் ஆட்களைக் கொட்டிவிட்டுத் திரும்புகின்றன. கடைவீதி விழித்துக்கொள்கிறது. பலசரக்குக் கடைக்காரர் பற்றுக் கொப்பியைத் திறந்து வைக்கிறார். அடகுக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். துணிக்கடை வாசலில் பையன் கூவுகிறான். இத்தனை வாசல்களையும் கடந்து கூட்டம் நெரிவது ஒரே ஒரு வாசலில். பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், 'உணவகம்' என்றே கொட்டை எழுத்தில் பொறித்திருந்தாலும், மக்கள் வாயில் அதற்குப் பெயர் தவறணை.

உள்ளே சென்று பாருங்கள். செல்ல வெட்கப்படுவோர் நான் எழுதுவதை நம்புங்கள்.

மேசை உண்டு, நாற்காலி உண்டு. பரிமாறும் பையன் "வாங்க அண்ணே, இருங்க" என்கிறான். பொரித்த மீன் வருகிறது. வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து வதக்கிய ஈரல் வருகிறது. தாளித்த கடலை, மரவள்ளிக்கிழங்கு, அவித்த முட்டை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 'பைட்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கடித்துக்கொள்வதற்கு என்று பொருள். குடிப்பவனுக்கு அது தொட்டுக்கொள்ளும் சில்லறை. தோட்டத் தொழிலாளிக்கோ, மாதத்தில் ஒருமுறை மனிதனாக அமர்ந்து உண்ணும் விருந்தே அதுதான்!

மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். அவனுடைய ஒரு நாளை எடுத்து எண்ணிப் பாருங்கள். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் அவன் நிற்கிறான். மலையில் நிற்கிறான். மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்கிறான். தோட்டத்து அலுவலக வாசலில், துரை வெளியே வரும்வரை, தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். நகரத்துக்கு வந்தால் மருத்துவமனை வரிசையில் நிற்கிறான், வங்கியில் நிற்கிறான், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழையாக விழுந்துவிட்டதைத் திருத்துவதற்குக் கந்தோர் கந்தோராய் நிற்கிறான். சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைத்தால், அடுத்தவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறான். சோற்றை விழுங்கிவிட்டு எழுந்தாக வேண்டும். "இருங்க" என்று இந்த நகரத்தில் அவனைப் பார்த்துச் சொன்ன இடம் எது? இரண்டு மணி நேரம் மேசையில் முழங்கையை ஊன்றி, தன் தோழனோடு தன் கதையைத் தன் குரலில் பேச விட்ட இடம் எது? சொல்லுங்கள்! கோயிலா? வாசகசாலையா? சங்கத்துக் காரியாலயமா?

அந்த 'இருங்க' என்னும் ஒரு சொல்லுக்கு அவன் கொடுக்கும் விலை என்ன என்பதே இங்கு என் கேள்வி.

கணக்கை மறைப்பானேன்? ஆயிரம் ரூபா நாட்கூலி கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்கள் தோட்ட மக்கள். 2021 மார்ச்சில்தான் அது சம்பளச் சபையின் ஆணையாக வந்தது. 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று உயர்த்தப்பட்டது. நல்லது. ஆனால் அந்த 2024 இல் முத்திரையொட்டிய ஒரு முழுப் போத்தல் சாராயத்துக்கு இரண்டு நாட்கூலியை எண்ணி வைத்தாலும் போதவில்லை. கூட்டிப் பாருங்கள்: போத்தலில் பாதிப் பங்கு, மீன் பொரியல் ஒரு தட்டு, ஈரல் ஒரு தட்டு, வீடு திரும்ப முச்சக்கர வண்டி. மலையில் எத்தனை நாள் கரைந்தது என்று கணக்குப் பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை.

அதே வேளையில் லயத்தில் என்ன நடக்கிறது? கோதுமை மா ரொட்டி ஒன்று. தேங்காய் விலை இடங்கொடுத்தால் சம்பல். இல்லையேல் மிளகாயை அரைத்து உப்பு. பிள்ளைக்குச் சாயத்தேநீர். உலகமெல்லாம் பாலூற்றிக் குடிக்கும் தேயிலையை விளைவித்தவளின் குழந்தைக்குப் பாலில்லாத தேநீர்! 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு என்ன கூறிற்று? நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்கள். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். குழந்தையின் எலும்பில் சேர வேண்டிய மீனும் முட்டையும் ஈரலும் எங்கே போயின? நகரத்தில் இல்லையா? இருக்கின்றன. பீங்கான் தட்டில் அலங்கரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாராயக் கிளாசின் அருகில்!

இவ்வளவைக் கேட்டதும் நம்முடைய நல்லோர் எழுந்து நிற்பார்கள். "தோட்டத்தான் குடிகாரன், குடியை விட்டால் குடும்பம் தழைக்கும், அவன் திருந்த மாட்டான்" என்பார்கள். மேடையில் சொல்வார்கள், திருவிழாவில் சொல்வார்கள், பட்டம் பெற்ற பிள்ளைகள் ஆய்வு என்ற பெயரில் எழுதியும் வைப்பார்கள். சொல்லிவிட்டு, கண்டி நகரத்து ஹோட்டலில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, அதே சரக்கை உயர்ந்த கிளாசில் ஊற்றி, அதே ஈரலை வேறு பெயரில் வரவழைத்து, தோட்டத்தானின் குடியைப் பற்றி வருந்துவார்கள். இவர்கள் குடித்தால் நாகரிகம். அவன் குடித்தால் சாதிக்குணம்! நன்று, நன்று!

குடி கேடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. குடியினால் செத்தவனின் பாடையைத் தோளில் சுமந்த ஊரில் பிறந்தவன் நான். கசிப்புக் காய்ச்சியவனையும் அறிவேன், கண்ணிழந்தவனையும் அறிவேன். ஆனால் தவறணையை அவனா கட்டினான்? மரத்தடியில் கற்களை அடுக்கி அவனா அதற்குக் கால்கோள் செய்தான்? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். புரட்டினால் சிலருடைய வெள்ளைச் சட்டையில் சாராயம் தெறிக்கும். தெறிக்கட்டும்.

இரயில் பாதை 1867 இல் கண்டியை எட்டியது; 1874 இல் நாவலப்பிட்டியை எட்டி நின்றது. ஹற்றனுக்கு அது ஏறிச்சென்றது 1884 இல்தான். இடைப்பட்ட பத்தாண்டும் நாவலப்பிட்டியே பாதையின் முடிவு. அதற்குமேல் மாட்டு வண்டியும் மனிதக் காலும். மேல்மலைக்குப் போகும் அரிசியும் ஆளும் இங்கே இறங்கின. கீழே போகும் கோப்பி இங்கே ஏறியது. கூட்டம் தங்கிய இடத்தில் கிளாஸ் விற்பவன் கடை விரிக்காமல் இருப்பானா?

அவன் தன் விருப்பத்துக்கு விரித்த கடையுமன்று அது. சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விடுவது ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஆங்கிலேயர் அதை நெய்யூற்றி வளர்த்தனர். மாவட்டம் மாவட்டமாக ஏலம் போட்டார்கள். கூடுதலாகக் கேட்டவன் குத்தகைக்காரன். குத்தகைப் பணத்தை மீட்க வேண்டுமானால் குடிப்பவன் பெருக வேண்டும். குடிப்பவன் பெருக வேண்டுமானால், மாதக்கூலி ரொக்கமாகக் கைக்கு வரும் கூட்டம் வேண்டும். தோட்டத்தை விட்டால் அப்படிப்பட்ட கூட்டம் இந்நாட்டில் அன்று வேறெங்கே இருந்தது? மொறட்டுவை, பாணந்துறைப் பக்கத்துக் குத்தகைக்காரர் பலர் அந்தப் பணத்தில்தான் தோட்டம் வாங்கினர், மாளிகை எழுப்பினர், பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பினர். இந்நாட்டு முதலாளி வகுப்பின் முதற்பணம் எங்கிருந்து திரண்டது என்று தேடிய குமாரி ஜயவர்த்தன, 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இந்தச் சாராயக் குத்தகையைத்தான் விரல் நீட்டிக் காட்டினார். அறிஞர் சபை அதை ஆராய்ச்சி என்று பாராட்டியது. நாவலப்பிட்டித் தொழிலாளிக்கு அது தன் பாட்டன் சட்டைப்பையின் கதை.

இதே காலத்தில் ஆங்கிலேயன் தன் சொந்த நாட்டில் என்ன செய்தான் தெரியுமா? மதுச்சாலைகளில் வைத்துத் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பதைத் தடுத்து 1883 இல் சட்டம் இயற்றினான். கூலி வாங்கிய கையோடு தொழிலாளி அங்கேயே குடித்துத் தொலைத்துவிடுகிறான், மனைவி மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்பதே காரணம். அங்கே அந்தக் கருணை. இங்கே தவறணை ஏலம்! தேம்ஸ் நதிக்கரையில் நெஞ்சு இருந்தது. மகாவலிக் கரையில் கல்லாப்பெட்டி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1916 இல், வெடிமருந்துத் தொழிலாளர் குவிந்த கார்லைல், கிரெட்னா வட்டாரங்களில் மதுச்சாலைகளை ஆங்கில அரசே விலைக்கு வாங்கிற்று. மூடிவிட்டதா? இல்லை. மேசை நாற்காலி போட்டு, வெளிச்சம் பாய்ச்சி, சூடான உணவைப் பரிமாறச் சொல்லிற்று. மது விற்றால் மேலாளருக்கு ஊக்கத்தொகை கிடையாது. உணவு விற்றால் உண்டு. எவ்வளவு எளிய சூத்திரம்! குடிப்பவனைத் திட்டவில்லை, குடியை விற்பவனின் ஆசையைத் திருப்பிவிட்டார்கள். அந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது. ஆக, தொழிலாளிக்கு மதுவைவிட மேசையும் சூடான சோறும் வேண்டும் என்பது ஆண்டவனுக்குத் தெரியாத இரகசியமல்ல. நம்மை ஆண்டவனுக்குத் தெரிந்தே இருந்தது. நமக்குத் தேவையில்லை என்று நினைத்தான்.

நம்மவர் வந்தார்கள், என்ன செய்தார்கள்?

1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தையொட்டிக் கள்ளுத் தவறணைகள் புற்றீசல்போலப் புறப்பட்டபோது தென்னிலங்கை கொதித்தெழுந்தது. எஃப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலானோர் மதுவிலக்கு மேடைகளில் முழங்கினர். 1915 இல் இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிறையும் சென்றனர். அதை நான் குறைத்துரைக்க மாட்டேன். அம்மேடையிலிருந்து புறப்பட்ட டி. எஸ். சேனாநாயக்க 1947 இல் நாட்டின் முதற் பிரதமரானார். அதே 1947 தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதி மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் கே. இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தனர். மறு ஆண்டில் குடியுரிமைச் சட்டம். அதற்கடுத்த ஆண்டில் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தல் வந்தபோது, 1947 இல் வாக்களித்த தோட்ட மக்களில் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. தவறணையை மூடு என்று இளமையில் முழங்கியவர் ஆட்சிக்கு வந்தபின் மூடியது தவறணையை அன்று, வாக்குச் சாவடியை!

நாடற்றவன் என்றார்கள். வாக்கில்லை என்றார்கள். ஆனால் தவறணை வாசலில் குடியுரிமைச் சான்று கேட்டார்களா? கேட்கவில்லை! பெட்டியில் போடும் சீட்டு செல்லாது. மேசையில் வைக்கும் காசு செல்லும். இந்த நாட்டில் எதையும் காட்டாமல் அவன் நுழைய முடிந்த அரசாங்க அனுமதி பெற்ற கட்டிடம் அது ஒன்றாகவே இருந்தது. அப்படியிருக்க, அவன் ஏன் அங்கே போனான் என்று கேட்க நம்மில் எவருக்கு வாய் இருக்கிறது?

இனி அந்த வாசலில் நுழையாதவளைப் பற்றிப் பேசுவோம்.

தோட்டத்துக் கொழுந்தில் பெரும்பங்கு பெண்ணின் விரலில் விளைகிறது. அவளுக்கு ஆணோடு ஒத்த நாட்கூலி 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கிடைத்தது. கிடைத்த கூலியும் அவள் கைக்கு வந்ததா? மனைவியின் சம்பளத்தைக் கணவன் அல்லது தகப்பன் கையொப்பமிட்டு வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அவள் மலையில் நின்றாள். அவன் மேசையில் நின்று எண்ணி வாங்கினான். தவறணைத் தட்டிலிருந்த மீன் யாருடைய மீன் என்பது இப்போது விளங்குகிறதா? அவள் பறித்த கொழுந்தின் மீன். அவள் சுவையறியாத மீன்.

அந்தத் தவறணையில் அவளுக்கு என்ன இடம்? 1979 ஆம் ஆண்டு அரசாங்கம் ஓர் அறிவித்தல் வெளியிட்டது: தவறணை வளாகத்துள் பெண்ணுக்கு மது விற்கலாகாது, கொடுக்கலாகாது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். ஒரு வாரத்துக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே நீக்கினார். நாடே விழுந்து விழுந்து விவாதித்தது. பெண் குடிக்கலாமா, கூடாதா? பண்பாடு நிலைக்குமா, குலையுமா? பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பெண்களும் குடிக்கட்டும் என்று நான் வாதிடுவதாக யாரும் திரித்துவிட வேண்டா. நான் கேட்பது வேறு. அவள் குடிக்கலாமா என்று கேட்ட நாட்டில், அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒருவர் கேட்டாரா? சம்பள நாளில் அவளும் நகரத்துக்கு வருகிறாள். கைக்குழந்தையோடு வருகிறாள். மருந்துச் சீட்டோடு வருகிறாள். பஸ் நிலையத்துச் சிமெந்துக் கட்டில் ஒரு பணிஸைப் பிய்த்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். எதிரே தவறணை. உள்ளே அவள் கணவன் ஈரல் கடிக்கிறான். அவிந்த முட்டையை மட்டும் வாங்க அவள் உள்ளே போகச் சட்டம் தடையன்று, வழக்கம் தடை. போனால் அடுத்த நாள் லயம் முழுவதும் அவள் பெயர் நாறும்.

நம் பண்பாட்டுக் காவலர்கள் காத்தது இதைத்தான்!

ஆட்சியாளரைப் பார்ப்போம். பௌர்ணமிதோறும் இந்நாட்டில் தவறணைகள் மூடப்படுகின்றன. அன்று நாடு புனிதமாகிறது. முதல் நாள் மாலையில் வரிசை இரட்டிப்பாக நீள்கிறது. அதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மதுவரித் திணைக்களம் 2024 ஆம் ஆண்டில் அரசுக்குத் திரட்டிக் கொடுத்த வருமானம் 20,000 கோடி ரூபாவுக்கு மேல். அந்த ஆண்டிலேயே புதிதாக வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் முந்நூறுக்கு மேல் என்பது டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியலாக வைக்கப்பட்டது. தேர்தல் ஆண்டில் இத்தனை அனுமதி! பள்ளிக்கூடம் கேட்டால் நிலமில்லை. லயத்துக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கேட்டால் அளவையாளர் வர வேண்டும், அமைச்சரவை கூட வேண்டும், கம்பெனி ஒப்ப வேண்டும். சாராயக் கடை என்றால் மட்டும் காகிதத்துக்குக் கால் முளைத்து ஓடுகிறது. யார் பெயரில் எடுத்து யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி எழுந்தபோது மேடை வீரர் பலருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாட்கூலி ஐம்பது ரூபா உயர்ந்தால் தொழில் அழியும் என்று அழுத கூட்டம், அந்த ஐம்பது ரூபாவும் கல்லாவில் விழும் வழியைத் திறந்துவிடத் தயங்கவில்லை.

அப்படியானால் எல்லாத் தவறணைகளையும் இழுத்து மூடிவிடலாமா? மூடியவர்கள் உண்டு. தமிழகத்தில் 1937 இல் இராசாசி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதே தமிழகத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசாங்கக் கம்பெனியான டாஸ்மாக்கே நடத்துகிறது. மூடிய கையே திறந்தது. மலையகத்தில் மூடினால், மறுநாள் ஓடைக்கரையில் கசிப்பு பீப்பாய் கொதிக்கும். தட்டிலிருந்த மீனும் போய், கண்ணும் போகும். வெறும் பூட்டைக் கொண்டு பசியை அடைத்தவர் எவருமில்லை.

ஆனால் அந்தத் தமிழகத்தில் இன்னொன்றும் நடந்தது. 2013 இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் திறந்தது. ஒரு ரூபாவுக்கு இட்டலி, ஐந்து ரூபாவுக்குச் சாம்பார் சோறு. சமைத்ததும் பரிமாறியதும் மகளிர் குழுக்கள். மூட்டை தூக்குபவனும் வண்டி இழுப்பவனும் வேலை தேடி வந்தவனும் ஒரே மேசையில் நின்று உண்டார்கள். அந்த ஆட்சியைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஒரு கையால் டாஸ்மாக் நடத்தி மறு கையால் இட்டலி கொடுத்த விந்தையையும் மறக்கவில்லை. இருந்தும், ஓர் உள்ளூராட்சி அமைப்பு அடுப்பு மூட்ட முடியும் என்பதை அது காட்டிற்று.

சென்னை தொலைவு என்பீர்கள். வடக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் 'அம்மாச்சி' உணவகங்கள் எழுந்தன. பெண்கள் சமைக்கிறார்கள், பெண்கள் கல்லாவில் இருக்கிறார்கள், தோசையும் இலைக்கஞ்சியும் கொழுக்கட்டையும் கண்முன்னே ஆகின்றன. வடக்கும் தொலைவா? கன்னொருவைக்குப் போங்கள். நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், பேராதனையைத் தாண்டி ஆற்றைக் கடந்தால் போதும். விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' சாலையில் சிங்களச் சகோதரிகள் ஆப்பமும் குரக்கன் பண்டமும் கிழங்கும் ஆக்கி விற்று மானத்தோடு வாழ்கிறார்கள். பயணி வருகிறான், மாணவன் வருகிறான், குடும்பம் குடும்பமாக வருகிறது. அரசாங்கத்துக்கு இந்த வித்தை தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. தெரிந்த வித்தையை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் பொருட்டுக் காட்ட மனம் வரவில்லை என்பதே குற்றச்சாட்டு.

நாவலப்பிட்டி நகரசபை உறுப்பினர்களே, உங்களிடமே கேட்கிறேன். பஸ் நிலையத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் இடையே, நகரத்துக்குச் சொந்தமான ஓரிடத்தில், ஓர் உணவுச்சாலை. தோட்டத்துப் பெண்களே நடத்தட்டும். லயத்து அடுப்பில் பத்துப் பேருக்குச் சமைத்த கை நூறு பேருக்குச் சமைக்கும். மீன் இருக்க வேண்டும். முட்டை இருக்க வேண்டும். தவறணைத் தட்டில் கிடைக்கும் ஈரல் அங்கும் கிடைக்க வேண்டும், அதைவிடக் குறைந்த விலைக்கு, சாராயமில்லாமல். மேசை இருக்க வேண்டும். நாற்காலி இருக்க வேண்டும். பின்னால் வந்து நிற்கும் ஆளுக்கு எழுந்து கொடுக்கத் தேவையில்லாத நாற்காலி. இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு, தொழிலாளி வரவில்லை என்று அறிக்கை எழுதும் வேலை வேண்டா. அவனும் அவளும் பிள்ளையும் ஒன்றாக நுழையும் கதவாக அது இருக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 20,000 கோடியில் இந்த மலைகளின் பங்கு எவ்வளவு என்று முதலில் கேட்டு வாருங்கள். ஒவ்வொரு தவறணையும் ஊரிடமிருந்து எடுப்பதில் ஒரு துளியை ஊரின் அடுப்புக்குத் திருப்பக் கோரித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கொழும்பு மறுக்கட்டும், மறுத்த கடிதத்தைச் சந்தியில் ஒட்டுங்கள்.

"குடிப்பவன் அங்கே வர மாட்டான்" என்று ஒரு நண்பர் என்னிடம் அடித்துச் சொன்னார். இருக்கலாம். எல்லாரும் வர மாட்டார்கள். முதல் மாதம் பத்துப் பேர்கூட வராமல் போகலாம். ஆனால் அவள் வருவாள். சிமெந்துக் கட்டில் அமர்ந்து பணிஸ் பிய்ப்பவள் வருவாள். அவளுடைய பிள்ளை வரும். மேசையில் மீன் வைத்து உண்ணும். உள்ளே இருப்பவன் வெளியே வந்து, தன் பிள்ளை எங்கே என்று தேடும்போது, வீதிக்கு எதிர்ப்பக்கம் வெளிச்சத்தில் அது அமர்ந்திருப்பதைப் பார்ப்பான். அவன் அந்தக் கதவைத் தள்ளுவானா, மாட்டானா என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். அந்தக் கதவை முதலில் கட்டுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு சொல். கூட்டு ஒப்பந்தம், சம்பளச் சபை, நாட்கூலி என்று நீங்கள் பேசுவதெல்லாம் தேவையே. ஆனால் மாதச் சந்தாவைத் தவறாமல் பிடித்தெடுக்கும் சங்கத்துக்கு, அந்த மாதம் பத்தாந் திகதி அந்த உறுப்பினன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று பார்க்கும் கடமை இல்லையா? சங்கத்துக் காரியாலயத்தில் உங்களுக்கு நாற்காலி இருக்கிறது. மனுக் கொடுக்க வருபவன் இன்றும் நின்றுகொண்டுதான் பேசுகிறான்.

வருகிற பத்தாந் திகதி மாலை ஆறு மணிக்கு, நகரசபை உறுப்பினர் ஒருவரும் சங்கத் தலைவர் ஒருவரும் நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்கு வந்து, அந்தச் சிமெந்துக் கட்டில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். பணிஸ் நான் வாங்கித் தருகிறேன்.